வீட்டுக் கணினியைப் பங்கிடும் முறை

ஒரு பொருளைப் பலர் பயன்கொள்ளுமிடத்துப் பிணக்கு எழுதல் உலக இயற்கை. அப்பிணக்கு வராமற் காக்கும் வழியை எம் முன்னோரும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்திலே பங்குக் கிணறு ஒன்றிலிருந்து பல தோட்டங்களுக்கு நீர் இறைப்பதுண்டு. கிணறு பொது, இறைக்கும் நாளும் நேரமும் முறைப்படி வகுக்கப்பட்டவை, தோட்டமோ அவரவர்க்கே உரியது. ஒருவர் முறையில் மற்றவர் இறைத்தல் தவறு. ஒருவர் பயிருக்குள் மற்றவர் மாடு புகுதல் அதனினும் பெருந் தவறு. இன்று நம் வீடுகள் பலவற்றில் அத்தகைய பங்குப் பொருளாய் வந்து அமர்ந்திருப்பது கணினி.

ஆசிரியர் ஒருவர் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அதிற் பதிகின்றார். கணக்காளர் ஒருவர் பிறருடைய வரவுசெலவுகளை அதில் வைத்திருக்கின்றார். மாலையானதும் பிள்ளைகள் விளையாட வேண்டுமென்று அருகில் வந்து நிற்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், அலுவலகமும் வகுப்பறையும் விளையாட்டிடமும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, எஞ்சிய நேரத்தை யார் கொள்வது என்பது பல வீடுகளில் வழக்காயிற்று. அக்காலம் கடந்தும் வழக்கு ஓயவில்லை. பெற்றோருள் ஒரு சாரார் 'தொடாதே' என்று மறுக்கின்றனர். மற்றொரு சாரார் தம் கடவுச்சொல்லையே சொல்லிக் கொடுத்துவிட்டு எழுந்து போகின்றனர். முன்னது பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்கும்; பின்னது தந்தையின் தொழிலைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே செவ்விய வழி ஒன்றுண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி தோன்றிய காலத்து வழக்கு

இச்சிக்கல் கணினியோடு உடன் பிறந்ததெனலாம். 1950களிற் கணினி ஒன்று ஓர் அறை முழுவதையும் அடைத்து நின்றது. ஆராய்வோர் தம் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்து ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருந்தனர். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோ என்பாரும் அவர்தம் துணைவரும் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நேரப் பங்கீடு என்னும் முறையைச் செயலிற் காட்டினர். கணினி தன் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி, ஒருவர்க்கு ஒரு கூறும் மற்றவர்க்கு அடுத்த கூறுமாக விரைந்து மாறி மாறி வழங்கியது. இதனாற் பலர் ஒரே வேளையிற் பணி செய்யவும், ஒவ்வொருவரும் அது தமக்கே உரியதெனக் கருதவும் இயன்றது. பலர் புழங்குமிடத்தில் அவரவர் கோப்புகள் தனித்துக் காக்கப்படல் வேண்டுமன்றோ? அதன் பொருட்டு ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் வழங்கப்பட்டது.

வேலி கட்டியவுடன் வேலி தாண்டுவாரும் தோன்றினர். அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், 1962ஆம் ஆண்டிலே கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பெரிய கல்விக்கூடத்து ஆராய்ச்சியாளரே இவ்வாறு செய்தனரெனில், தந்தை தட்டெழுதும்போது பின்னின்று பார்த்துக் கடவுச்சொல்லை மனத்திற் பதிக்கும் பத்து வயதுச் சிறுவனைக் குறைகூறல் எங்ஙனம்? நேரம் போதாமையே இரண்டுக்கும் வித்து.

விளையாட்டும் அக்காலத்திலேயே வந்துவிட்டது. 1962இல் அதே நிறுவனத்திற் பீடீபீ-1 என்னும் கணினியிலே ஸ்ரீவ் ரசலும் நண்பரும் 'விண்வெளிப் போர்' என்னும் விளையாட்டை ஆக்கினர். 1969இல் நிகழ்ந்ததோ இன்னும் சுவையானது. பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன் என்பார் 'விண்வெளிப் பயணம்' என்றொரு விளையாட்டை எழுதினார். பணிக்குரிய பெருங் கணினியில் அதனை ஒருமுறை ஆட எழுபத்தைந்து டொலர் பெறுமதியான நேரம் செலவாயிற்று. ஆதலின் அவர், அதிகம் பயன்படாது கிடந்த பீடீபீ-7 என்னும் சிறு கணினிக்கு அவ்விளையாட்டை மாற்றினார். அச்சிறு கணினியிற் பெற்ற பயிற்சியின் வழியே யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை உருவாயிற்று. இன்றைய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் பல அதன் கொள்கைகளைத் தழுவியே இயங்குகின்றன.

இவ்வரலாறு நமக்கு மூன்று பாடங்களைத் தருகின்றது. நேரத்தை முறைவைத்துப் பங்கிடுக. கோப்புகளை வேலியிட்டுப் பிரிக்க. இயலுமாயின் விளையாட்டை வேறு கணினிக்கு மாற்றுக. இவற்றுள் வேலியே முதலில் வேண்டப்படுவது.

வேலி

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 போன்ற முறைமைகளில் ஒருவர் கோப்பை மற்றவரிடமிருந்து காக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பீ தனித்தனிப் பயனர் கணக்குகளை வீடுகளுக்குக் கொணர்ந்தது. இன்று எல்லா வீட்டுக் கணினிகளிலும் அவ்வசதி உண்டு. இருந்தும் பலர் அதனைக் கையாள்வதில்லை. குடும்பம் முழுவதும் ஒரே கணக்கிற் புழங்குகின்றது.

கணக்குகள் இருவகைப்படும். நிருவாகிக் கணக்கு, கணினியில் எதனையும் நிறுவவும் நீக்கவும் அதிகாரமுடையது. சாதாரண கணக்கு, தன் கோப்புறைக்குள் மட்டும் தன் விருப்பப்படி நடக்கவல்லது. பிள்ளைகளுக்குச் சாதாரண கணக்கே கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கொடுப்பின், பிள்ளை தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அழிவது அவனுடைய கோப்பே; தந்தையின் புள்ளிப் பட்டியல் அவன் கண்ணுக்கும் படாது. கணினியின் மணிக்கூட்டைப் பின்தள்ளி விளையாட்டு நேரத்தை நீட்டவும் அக்கணக்குக்கு அதிகாரமில்லை. ஒருவர்க்கு அவர் செய்யவேண்டிய பணிக்குப் போதிய அதிகாரமே அளிக்கப்படல் வேண்டுமென்பது, சோல்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975இல் வகுத்துரைத்த கொள்கைகளுள் ஒன்று. பெற்றோரும் அன்றாடப் பணிக்குச் சாதாரண கணக்கையே பயன்படுத்தி, நிருவாகிக் கணக்கைத் தேவைப்படும்போது மட்டும் திறப்பாராயின் காவல் மேலும் உறுதிப்படும்.

வேலியிற் பொட்டுகள்

வேலி இட்டோம் என்று உறங்குதல் தகாது. அதிற் பொட்டுகள் மூன்றுண்டு.

முதலாவது, இரண்டாம் வட்டு. நம்மவருட் பலர் முக்கிய கோப்புகளை 'டீ' எனப்படும் பகுதியிலே வைத்திருப்பர். விண்டோஸ் பழுதுற்றாலும் அவை தப்பும் என்பது கருத்து. ஆனால் அப்பகுதியில் இயல்பாக உள்ள அனுமதி, கணினியிற் கணக்குடைய எவரும் அங்குள்ளவற்றை மாற்றவும் அழிக்கவும் இடந்தருவது. ஆகவே தொழிற் கோப்புகளைத் தம் சொந்தக் கோப்புறைக்குள் வைத்தல் நன்று. அன்றேல் அப்பகுதியின் அனுமதியைத் திருத்துதல் வேண்டும்.

இரண்டாவது, களவுப் பிரதிகள். விலைகொடாது பெற்ற விளையாட்டுகள் பலவற்றோடு தீய செய்நிரல்களும் உடன் வருகின்றன. 'நிறுவுவதற்கு நிருவாகியின் கடவுச்சொல் தேவை' என்று கணினி கேட்டவுடன், பிள்ளையின் அழுகைக்கிரங்கித் தந்தை அதனைத் தட்டெழுதுவாராயின், படலையைத் திறந்து கள்வனை அழைத்தவராவார். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் செய்நிரல் சாதாரண கணக்கிற் புகுந்தால் அக்கணக்கு எட்டுமளவே கெடுக்கும். நிருவாகி அதிகாரத்தோடு புகுந்தால் எல்லாவற்றையும் கெடுக்கும்.

மூன்றாவது, ஆழப் புகும் விளையாட்டுகள். 2020இல் வெளிவந்த வலோரன்ற் என்னும் விளையாட்டு, ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்கும் பொருட்டு, பணிசெயல் முறைமையின் கருவிலேயே இயங்கும் காவற் செய்நிரல் ஒன்றையும் உடன் நிறுவுகின்றது. அதனாற் கேடு விளைந்ததென்பது இங்குக் கருத்தன்று. பயனர் கணக்கென்னும் வேலிக்குக் கீழே இயங்குவதனை அவ்வேலி தடுக்கமாட்டாது என்பதே அறியத்தக்கது. பிறருடைய இரகசியங்கள் உள்ள கணினியில் அத்தகையவற்றை நிறுவாதிருத்தலே நேரிது.

எவ்வளவு காப்பினும் இழப்பு நேரலாம். மின்வெட்டும் வன்தட்டின் முதுமையும் பிள்ளையினும் பொல்லாதவை. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் போல, தொழிற் கோப்புகளுக்குக் காப்புப் பிரதி ஒன்றைப் புறவட்டிலெடுத்து, அதனைக் கணினியினின்று கழற்றி வைத்தல் வேண்டும். எப்பொழுதும் பொருத்தியபடி இருக்கும் வட்டு, கணினிக்கு வரும் கேட்டைத் தானும் பகிர்ந்துகொள்ளும்.

முறை

இனி நேரத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். பிள்ளையின் கணக்குக்கு இன்ன நாளில் இத்தனை மணி நேரம் என வரையறுக்கும் வசதி விண்டோசில் உண்டு. அது துணையேயன்றித் தலைமையன்று. முறை என்பது முன்னரே பேசி உடன்பட்டதாய் இருத்தல் வேண்டும். தந்தைக்குச் சினம் வந்தபோது சுருங்குவதும், அவர் தூங்கும்போது நீள்வதும் முறையாகா.

பெற்றோர் அறியவேண்டியது இன்னுமொன்றுண்டு. பலர் கூடி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை நடுவில் நிறுத்திவைத்துப் பின்னர் தொடர இயலாது. இடையில் விலகுபவர் தம் அணியைக் கைவிட்டவராவார். பந்தாட்டத்திலே இடைவேளைக்கு முன் ஒருவனை வீட்டுக்கு இழுத்துச் செல்வதை ஒத்தது, 'உடனே எழும்பு' என்று பொத்தானை அழுத்துவது. ஆதலின் நிமிடக் கணக்கோடு ஆட்டக் கணக்கையும் சேர்த்துப் பேசுக. 'ஏழு மணிக்குப் பின் புதிய ஆட்டம் தொடங்கலாகாது' என்பது பிள்ளையும் ஏற்கத்தக்க விதி. அவ்வாறே, பிள்ளையின் முறை வந்தபின் 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று தந்தை ஒரு மணி நேரம் இருத்தலும் முறைகேடே. விதி இருவரையும் கட்டினாலன்றி அது விதியாகாது.

பங்கிடலாகாதவை

சில கணினிகளைப் பங்கிடுதலே தவறு. அலுவலகம் கொடுத்த மடிக்கணினி நம்முடையதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளரின் விவரமும், கட்சிக்காரரின் வழக்கும், மாணவரின் அந்தரங்கமும் அடங்கிய கணினியும் அத்தகையதே. இலங்கையிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறருடைய விவரங்களைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மை நம்பித் தந்தவர்க்கு நாம் செய்யும் கடன் அது. இதனைப் பிள்ளைகளுக்கு மறைக்காது எடுத்துரைத்தல் வேண்டும். 'இது என்னுடையது, தொடாதே' என்பதிலும், 'இது பிறருடையது, நானும் காவற்காரனே' என்பது அவர் உள்ளத்திற் பதியும்.

அத்தகைய வீட்டுக்குத் தொம்சன் சென்ற வழியே வழி. மூலையிற் கிடக்கும் பழைய கணினியைத் தூசு தட்டிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி முடிந்தமையால், ஒதுக்கப்பட்ட கணினிகள் இப்பொழுது பல. அவற்றில் லினக்ஸ் என்னும் இலவச முறைமையை நிறுவினால், சூப்பர்ரக்ஸ்கார்ட் போன்ற ஓட்டப் போட்டிகளும், சிறுவர்க்கான ஜீகொம்பிறிஸ் கல்வி விளையாட்டுகளும் விலையின்றிக் கிடைக்கும். மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராச் என்னும் மென்பொருளினாற் பிள்ளைகள் தாமே விளையாட்டுகளை ஆக்கவும் பழகலாம். அக்கணினி பழுதுற்றால் அதனைத் திருத்தும் பொறுப்பையும் அவர்களிடமே விடுக. பழுதாக்க அஞ்சாத இடத்திலேதான் துணிந்து கற்றல் நிகழும்.

நம் கல்லூரியிலே பரீட்சை மண்டபமும் விளையாட்டு மைதானமும் ஒரே வளவுக்குள் உள்ளன. மண்டபத்திற் பந்து விளையாட எவரையும் விட்டதில்லை. பரீட்சையைக் காட்டி மைதானத்தை மூடியதுமில்லை. மணியும் மதிலும் இரண்டையும் காத்து வந்தன. அக்கல்லூரியில் வளர்ந்த நாம் அவ்வொழுங்கை வீட்டுக் கணினியிலும் நிலைநாட்டுவோமாயின், தொழிலும் காக்கப்படும். பிள்ளைகளின் மகிழ்ச்சியும் குன்றாது.