மெற்றல் இசையில் தாளக் கிற்றாரின் அடுக்குப் பதிவு

மெற்றல் இசையை முதன்முறை செவிமடுப்போர் பலர் அதனைக் கட்டுப்பாடற்ற பேரொலி என்றே கருதுவர். ஆயின், அவ்விசை பதிவு செய்யப்படும் முறையை உற்றுநோக்கின், செக்கனின் நூறிலொரு பங்கையும் கணக்கிற்கொள்ளும் கடுமையானதோர் ஒழுங்கு அதன் அடித்தளமாய் அமைந்திருத்தல் புலனாகும். பாடலின் நடையைத் தாங்கி நிற்கும் தாளக் கிற்றார் அதில் ஒருமுறையன்றிப் பலமுறை வாசிக்கப்பட்டு, ஒன்றன்மேலொன்றாகப் பதியப்படுகின்றது. இவ்வடுக்குகள் கேட்போர் செவியில் பிளவற்ற ஒரே சுவராக எழுவது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுக்குப் பதிவு மெற்றல் இசைக்கு முற்பட்டது. அமெரிக்கக் கலைஞரான லெஸ் போல், 1948 இல் வெளிவந்த 'லவர்' என்னும் இசைத்தட்டில் எட்டுக் கிற்றார்ப் பகுதிகளைத் தாமொருவரே வாசித்து அடுக்கினார். 1970 இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளக் சபத் குழுவினர் தம் முதல் இசைத்தட்டின் வாயிலாக மெற்றல் இசைக்கு வழிவகுத்தனர். இவ்விரு போக்குகளும் ஒன்றிணைந்து முதிர்ந்தமைக்கு, மெற்றாலிக்கா குழுவினர் 1986 இல் வெளியிட்ட 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' தக்க சான்றாகும். இது 1985 இன் இறுதி மாதங்களில் கொப்பன்ஹேகன் நகரில், பிளெமிங் ராஸ்முசனின் துணையுடன் பதிவு செய்யப்பட்டது. குழுவில் கிற்றார்க் கலைஞர் இருவர் இருந்தும், தாளப் பகுதிகளை ஜேம்ஸ் ஹெற்பீல்ட் ஒருவரே மீளமீள வாசித்தார். ஒரே கையின் அழுத்தமும் நடையும் எல்லா அடுக்குகளிலும் அமைந்தமையால் அவை ஒருமித்து ஒலிக்கின்றன.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஒருமுறை வாசித்ததையே படியெடுத்து, இடப்புற ஒலிபெருக்கிக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக வழங்கினால் என்ன? அவ்வாறு செய்யின் இரு அலைகளும் முற்றிலும் ஒத்திருத்தலால், செவி அவற்றை நடுவிலிருந்து வரும் ஒரே ஒலியாகவே கொள்ளும். ஓசை உரக்குமேயன்றி அகலம் பெறாது. ஒரு படியைச் சிறிது பிந்தச் செய்தாலோ, இரண்டும் கலக்கும்போது சில மீடிறன்கள் ஒன்றையொன்று அழிக்க, ஒலி உள்ளீடற்றதாகும். மீண்டும் வாசிக்கும்போது நிகழ்வது வேறு. பிக் தந்தியைத் தொடும் கோணம், விரலின் அழுத்தம், அடி விழும் கணம் ஆகியன ஒவ்வோர் அடியிலும் இம்மியளவு மாறுகின்றன. இம்மாற்றங்களே ஒலியை இடமும் வலமுமாக விரிக்கின்றன.

எனினும் மாற்றத்துக்கும் எல்லையுண்டு. நிமிடத்துக்கு 200 அடிகள் கொண்ட நடையில் ஓரடியின் காலம் 300 மில்லிசெக்கன். அதன் காற்பங்கு 75 மில்லிசெக்கன். இரு அடுக்குகள் தம்முள் 30 மில்லிசெக்கன் விலகின், அக்காற்பங்கில் ஐந்தில் இரண்டு பங்கு குலைந்துவிடும். ஹெல்முற் ஹாஸ் பேச்சொலியைக் கொண்டு நிகழ்த்தி 1949 இல் முன்வைத்த ஆய்வு, ஏறத்தாழ 30 மில்லிசெக்கனுக்குள் பிந்திவரும் ஒலியைச் செவி தனி எதிரொலியாகப் பிரித்தறிவதில்லை எனக் காட்டிற்று. கூரிய அடியொலிகளுக்கு இவ்வெல்லை இன்னும் குறுகியது. அடியின் தொடக்கத்தில் மட்டுமன்றி முடிவிலும் இவ்வொழுங்கு வேண்டப்படும். உள்ளங்கை விளிம்பால் தந்திகளை அடக்கும்போது, எல்லா அடுக்குகளும் ஒரே கணத்தில் ஓய்தல் வேண்டும். அடிகளுக்கிடையேயான மௌனம் தூய்மையாக அமையும்போதே இறுக்கம் வெளிப்படுகின்றது.

விரியலாக்கியில் உண்டாக்கப்படும் திரிபும் இங்குக் கருதத்தக்கது. அலையின் முகடுகளைத் தறித்து மேற்றொனிகளைப் பெருக்குதலே திரிபாகும். அது மிகுந்தால் அடியின் கூர்மை மழுங்கும். ஆகவே தனித்துக் கேட்கும்போது சற்றுக் குறைவெனத் தோன்றும் அளவிலேயே ஒவ்வோர் அடுக்கும் பதியப்படும். அடுக்குகள் சேர நிறைவு தானே வந்தெய்தும். திரிபு, சேர்ந்தொலிக்கும் சுரங்களின் மீடிறன் வேறுபாட்டையும் புதியதோர் ஒலியாகப் பிறப்பிக்கும். 82.4 ஹேர்ட்ஸ் கொண்ட தாழ்ந்த தந்தியுடன் அதன் பஞ்சமமான 123.5 ஹேர்ட்ஸ் ஒலிக்கும்போது, ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில், ஒரு தாயி கீழேயுள்ள அதே சுரம் தோன்றும். மெற்றல் கலைஞர் பஞ்சமக் கூட்டினைப் பெரிதும் நாடுதற்கு இதுவும் ஒரு காரணம். சுருதி பிசகினும் கேடு விளையும்: இரு அடுக்குகள் ஒரு ஹேர்ட்ஸ் வேறுபடின் செக்கனுக்கு ஒருமுறை ஒலி எழுந்து தாழும். எனவே ஒவ்வொரு பதிவின் முன்னரும் சுருதி சேர்த்தல் இன்றியமையாதது.

இன்று கணினியின் துணையால் ஒவ்வோர் அடியையும் வெட்டி, நேர்கோட்டில் நிறுத்துதல் எளிதாகிவிட்டது. பிழை திருத்தும் அளவில் இது பயனுடைத்து. ஆயின் எல்லா அடிகளும் எந்திரம் போல் ஒரே கணத்தில் நிறுத்தப்படுமாயின், அகலத்தைத் தந்த வேறுபாட்டில் ஒரு கூறு அழிந்து, அடுக்குகள் படியெடுத்த ஒலியை நோக்கி நகரத் தொடங்கும். மீண்டும் மீண்டும் வாசித்துப் பழகிய கை, ஒத்திருக்க முயன்றும் முற்றாக ஒத்துவிடுவதில்லை. அம்முயற்சிக்கும் அதன் சிறு தோல்விக்கும் இடைப்பட்ட சில மில்லிசெக்கன்களிலேயே மெற்றல் இசையின் பேருருவம் தங்கியுள்ளது எனின் மிகையாகாது.