இடைமுகம்: சொன்னதைச் செய்கிறதா பொருள்?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் முதல் பாடத்திலேயே இடைமுகம், செயல்படுத்துதல் ஆகிய இரண்டும் வருகின்றன. ஒரு பொருள் எதைச் செய்யும் என்பது இடைமுகம். எப்படிச் செய்கிறது என்பது செயல்படுத்துதல். மாணவர்கள் வரையறையை எழுதிவிடுவர். ஆனால், சொன்ன வேலைகள் எல்லாம் பொருளில் உள்ளனவா என்று யார், எப்போது சரிபார்ப்பது? இக்கேள்வி செய்முறை வகுப்பில்தான் எழும்.

ஒரு குழுச் செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். சதுரம், செவ்வகம், வட்டம் என்னும் இனக்குழுக்களை மூன்று மாணவர்கள் பைத்தானில் எழுதுகின்றனர். ஒவ்வொன்றிலும் பரப்பளவு, சுற்றளவு என்னும் வழிமுறைகள் வேண்டும். நான்காவது மாணவி அவற்றை அழைத்து அட்டவணை தயாரிக்கிறாள். வட்டத்தில் சுற்றளவு விடுபட்டிருந்தால், பைத்தான் முன்கூட்டியே எச்சரிக்காது. அதை அழைக்கும்போதுதான் 'அட்ரிபியூட் எரர்' வரும். பிழைச்செய்தி சுட்டும் வரியோ நான்காவது மாணவி எழுதியது. குறை ஓரிடம், பழி ஓரிடம்!

ஜாவாவில் இச்சிக்கல் முன்னதாகவே பிடிபடும். இடைமுகத்தைச் செயல்படுத்துவதாக அறிவித்த இனக்குழுவில் கட்டாய வழிமுறை ஒன்று விடுபட்டாலும், நிரல்பெயர்ப்பி ஏற்காது.

பைத்தானில் 2008இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து 'ஏபிசி' என்னும் தொகுதி இதற்கு உதவுகிறது. 'உருவம்' என்ற அருவ இனக்குழுவை அமைத்து, இரு வழிமுறைகளையும் 'அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்' எனக் குறித்துவிடலாம். மற்ற மூன்றும் அதிலிருந்து மரபுரிமம் பெறட்டும். இப்போது குறையுள்ள வட்டத்தில் பொருளை உருவாக்க முயன்றாலே 'டைப் எரர்' வரும். விடுபட்ட வழிமுறையின் பெயரையும் காட்டும்.

ஆனால், இச்சோதனை பெயரை மட்டுமே பார்க்கிறது. பரப்பளவுக்குள் சுற்றளவின் சூத்திரத்தை எழுதியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். எனவே, விடை தெரிந்த மதிப்புகளைக் கொடுத்தும் பார்க்க வேண்டும். நீளம் 5, அகலம் 3 எனில் பரப்பளவு 15, சுற்றளவு 16. மதிப்புகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பக்கம் 4 உள்ள சதுரத்துக்கு இரண்டுமே 16. சூத்திரங்கள் இடம் மாறியிருந்தாலும் தெரியாது. ஆரம் 2 உள்ள வட்டத்துக்கும் இதே நிலைதான்.

குழுச் செயல்பாட்டைத் தொடங்கும் முன், தேவையான வழிமுறைகளின் பெயர்களையும் சோதனை மதிப்புகளையும் கரும்பலகையில் எழுதிவிடுவோம். ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தாமே சோதித்துத் தரட்டும். யாருடைய பகுதியில் குறை என்பது உடனே தெரியும். மதிப்பெண்ணும் நியாயமாக அமையும்.