உள்ளே ஒரு எண்கூட இல்லை... ஓரத்தில் மட்டும் க்ளூ! மண்டையைக் காய வைக்கும் 'வேரியன்ட்' சுடோகுவை தீர்ப்பது எப்படி?

மொத்தம் 81 கட்டங்கள். உள்ளே எல்லாமே காலி. வெளியே, ஓரங்களில் மட்டும் 3, 33, 44 என்று சில எண்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு 'அச்சுப் பிழையா இருக்குமோ' என்றுதான் தோன்றும். ஆனால் இதுவும் சுடோகுதான். இதற்கும் ஒரே ஒரு விடைதான் உண்டு.

செய்தித்தாளில் வரும் சாதாரண சுடோகுவுக்கு ஒரே விடை கிடைக்க, குறைந்தது 17 எண்களாவது முன்கூட்டியே தரப்பட வேண்டும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குயர் குழு 2012-ல் கணினி உதவியுடன் இதை நிரூபித்தது. அப்படியிருக்க, உள்ளே ஒரு எண்கூட தராத புதிருக்கு எப்படி ஒரே விடை வரும்? விஷயம், ஓரத்தில் இருக்கும் அந்த எண்களில்தான் இருக்கிறது.

ஓர எண்கள் என்ன சொல்கின்றன?

ஒவ்வொரு வரிசையிலும், 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டுமே வர வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கும். அதோடு இந்த நான்கு விதிகளில் சில சேர்ந்துகொள்ளும்.

சாண்ட்விச்: 1-ம் 9-ம் ரெண்டு பிரெட் துண்டுகள். அவற்றுக்கு நடுவே சிக்கும் எண்களின் கூட்டுத்தொகையே க்ளூ. 0 என்றால் 1-ம் 9-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஸ்கைஸ்கிரேப்பர்: ஒவ்வொரு எண்ணும் அத்தனை மாடிக் கட்டடம். க்ளூ இருக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் எத்தனை கட்டடம் தெரியும் என்பதே கணக்கு. 9 மாடிக்குப் பின்னால் நிற்கும் எதுவும் தெரியாது.

எக்ஸ் சம்: க்ளூவுக்கு அருகில் உள்ள முதல் கட்டத்தில் 4 இருந்தால், அந்த 4-ஐயும் சேர்த்து முதல் நான்கு கட்டங்களின் கூட்டல்தான் க்ளூ.

லிட்டில் கில்லர்: அம்புக்குறி காட்டும் மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் மொத்தக் கூட்டல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூலைவிட்டத்தில் ஒரே எண் இரண்டு முறை வரலாம். வரிசையோ பெட்டியோ ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எந்த க்ளூ எந்த வகை என்பதை பெரும்பாலும் புதிரின் விதிக்குறிப்பிலேயே சொல்லிவிடுவார்கள்.

மூன்று க்ளூ... நான்கு எண்!

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு கிடைமட்ட வரிசை, ஒன்பது கட்டமும் காலி. இடது பக்க எக்ஸ் சம் 3. சாண்ட்விச் 33. இடமிருந்து பார்க்கும் ஸ்கைஸ்கிரேப்பர் 3.

முதலில் எக்ஸ் சம். முதல் கட்டத்தில் 1 இருந்தால் கூட்டல் 1-தான் வரும். 3 இருந்தால் குறைந்தபட்சமே 3+1+2, அதாவது 6 வந்துவிடும். அதற்கு மேல் போனால் இன்னும் அதிகம். ஆக முதல் கட்டம் 2, இரண்டாவது கட்டம் 1.

அடுத்து சாண்ட்விச். 2 முதல் 8 வரை மொத்தமாகக் கூட்டினால் 35. க்ளூ 33 என்பதால் வெளியே நிற்பது 2 மட்டும்தான். அது ஏற்கனவே முதல் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. 1 இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது. மற்ற எல்லா எண்களும் நடுவில் அடங்க வேண்டும் என்பதால், 9 கடைசிக் கட்டத்துக்குப் போயே தீர வேண்டும்.

கடைசியாக ஸ்கைஸ்கிரேப்பர். இடமிருந்து பார்த்தால் 2 தெரியும், அதன் பின்னால் 1 மறைந்துவிடும், கடைசியில் 9 தெரியும். மொத்தம் மூன்று கட்டடம்தான் தெரிய வேண்டும். அப்படியானால் நடுவில் ஒன்றே ஒன்றுதான் தலைகாட்டலாம். மூன்றாவது கட்டத்தில் 8 வந்தால்தான் மற்றவை எல்லாம் அதன் பின்னால் மறையும்.

விடை: 2, 1, 8... கடைசியில் 9. நடுவில் மிச்சம் இருப்பது 3, 4, 5, 6, 7 மட்டுமே.

கவனித்தால் ஒன்று புரியும். ஸ்கைஸ்கிரேப்பர் 3 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு எண்ணைக்கூட எழுத முடியாது. மற்ற இரண்டு விதிகளோடு மோதும்போதுதான் அது வேலை செய்கிறது. இந்தப் புதிர்களின் கஷ்டமும் அதுதான், சாவியும் அதுதான். இதில் பெரிய கணக்கு எதுவும் இல்லை. கூட்டல் தெரிந்தால் போதும்.

குத்துமதிப்பு ஏன் ஆபத்து?

'8-ஆ இருக்கும், போட்டுப் பார்ப்போம்' என்று ஆரம்பித்தால், தப்பு உடனே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து வேறொரு மூலையில் ஒரே வரிசையில் ரெண்டு 5 வந்து நிற்கும். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க முடியாமல், எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதுதான். பலர் இந்தப் புதிர்களைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

எங்கே ஆரம்பிப்பது?

உச்சத்தில் இருக்கும் எண்களைத் தேடுங்கள். சாண்ட்விச் 35 என்றால் 1-ம் 9-ம் இரு ஓரங்களில். எக்ஸ் சம் 44 என்றால் முதல் கட்டம் 8, கடைசிக் கட்டம் 1. ஸ்கைஸ்கிரேப்பர் 1 என்றால் முதல் கட்டமே 9. மூலைப் பெட்டிக்குள்ளேயே அடங்கும் மூன்று கட்ட லிட்டில் கில்லர் 24 என்றால் 7, 8, 9 மட்டும்தான். 20, 25 போன்ற நடுத்தர க்ளூக்களைத் தொடாமல் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சைமன் ஆண்டனி, மார்க் குட்லிஃப் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் நடத்தும் 'கிராக்கிங் தி கிரிப்டிக்' யூடியூப் சேனல்தான் இந்த வகைப் புதிர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2006-ல் இத்தாலியின் லூக்காவில் தொடங்கி, 2017-ல் பெங்களூருவிலும் நடந்த உலக சுடோகு சாம்பியன்ஷிப்பிலும் வேரியன்ட் புதிர்களுக்குத் தனி இடம் உண்டு. அங்கே கடிகாரம் ஓடும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பென்சில், ஒரு ரப்பர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.