பிள்ளையின் மதிப்பெண்ணை ஊருக்குச் சொல்வதற்கு முன்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. மே மாதம் வந்தால் பள்ளி வாசலில் பிளக்ஸ் எழும்புகிறதே, 600-க்கு 590 எடுத்த பிள்ளையின் படத்தோடு, அதில் என்ன தப்பு என்கிறீர்கள். பிள்ளை உழைத்திருக்கிறது, ஊர் பாராட்டுகிறது. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மதிப்பெண் பிள்ளையுடையது, பள்ளியுடையது அல்ல. அதை வெளியே சொல்லலாமா என்று முதலில் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

தேர்வு முடிவு பத்திரிகையில் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பக்கம் பக்கமாகத் தேர்ச்சி பெற்றவர்களின் பதிவெண்கள் மட்டும் இருக்கும். பெயர் கிடையாது. எண் தெரிந்தவருக்குத்தான் முடிவு தெரியும். இன்றைக்கும் அரசு இணையதளத்தில் பதிவெண்ணோடு பிறந்த தேதியையும் கொடுத்தால்தான் மதிப்பெண் வரும். அரசு பூட்டி வைத்த கதவைப் பெரும்பாலும் பள்ளிதான் திறந்து போடுகிறது.

முதல் மூன்று இடங்களைப் பெயர் சொல்லி அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் கைவிட்டது. சி.பி.எஸ்.இ.யும் 2020 முதல் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லை. மாநில முதலிடம் போயிற்று. பள்ளி முதலிடம், பாடத்துக்குப் பாடம் சென்டம் என்று பிளக்ஸ் மட்டும் நின்றபாடில்லை. முடிவு வருவதும் அட்மிஷன் சூடுபிடிப்பதும் ஒரே சமயத்தில். அந்தப் படம் அடுத்த ஆண்டுப் பெற்றோருக்கான விளம்பரம்.

விளம்பரம் என்றாகிவிட்டால் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியாக வேண்டும். அதற்காகச் சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புகின்றன, அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்கின்றன. அந்தப் பிள்ளைகள் பள்ளியின் கணக்கிலேயே வருவதில்லை. இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

பிளக்ஸைவிட எனக்குக் கவலை தருவது வகுப்பு வாட்ஸ்அப் குழு. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் மதிப்பெண்ணும் ஒரே பட்டியலாக வந்து விழுகிறது, தவறிய பாடம் சிவப்பில். வீட்டுக்கு வீடு தனித்தனியாக அனுப்ப ஆசிரியருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்கில் 31 வாங்கிய பையனை மறுநாள் டியூஷனில் கேட்பார்கள், தெருவில் கேட்பார்கள், சித்தி போன் போட்டுக் கேட்பாள். தேர்ச்சிக்குக் குறைந்தது நான்கே மதிப்பெண். பொதுத்தேர்வில் தவறினால்கூடச் சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்க வழியிருக்கிறது. தேர்வே அவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறது. நூறு போன்களில் போய் உட்கார்ந்த பட்டியலை யார் திரும்ப வாங்குவது?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 17 வயதுதான். அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பள்ளி எதையுமே சொல்லக்கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லட்டும். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று சொல்லட்டும். கடைசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான். பரிசு பெற்ற பிள்ளையின் பெயரைப் பிள்ளையையும் வீட்டையும் கேட்டுவிட்டுப் போடட்டும். கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜூனில் அட்மிஷன் படிவம் நிரப்பும்போது, எங்களைக் கேட்காமல் பிள்ளையின் படத்தையோ மதிப்பெண்ணையோ வெளியிடக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.