ஒரே வடிகால்: சமவெளியில் மருந்து, மலையில் நோய்

"தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள், மாணவர்களே? நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று பிரித்து எழுதி, நல்லபடியாகப் பயன்படுத்துவோம் என்று முடிப்பீர்கள். கிள்ளானில் நடந்த ஒரு கதையை அப்படி இரண்டாகப் பிரிக்க முடியாது. அதில் நன்மை செய்ததும் தீமை செய்ததும் ஒரே வேலைதான்.

பிரிக்பீல்ட்சில் உள்ள கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினால், அந்தத் தடத்தின் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். கோலாலம்பூரின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக 1886-இல் தொடங்கிய பாதை அது. பிறகு பெரிய கப்பல்களுக்காக, 1901 செப்டம்பரில் கடலோரச் சதுப்புக் காட்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். திறந்து இரண்டு மாதங்கள் ஆவதற்குள் அங்கு மலேரியா பரவியது. துறைமுகத்தை மூடவேண்டியதாயிற்று.

ஏன் பரவியது? சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கரை எழுப்ப மண் தோண்டினால் குழி மிஞ்சும். கரையே நீர் வடியும் வழியையும் அடைக்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். பல ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் தங்கினால், ஒருவர் இரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிருமிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முக்கியத் தடயத்தை ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். நான்கே ஆண்டுகள் கழித்து, கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை மண்ணில் சோதித்தார். நகரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்து, வடிகால் (நம் பேச்சு வழக்கில் அல்லூறு) வெட்டச் செய்தார்.

கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் இறந்தவர்கள் 582 பேர். அவர்களில் 368 பேரைக் கொன்றது காய்ச்சல். 1902-இல் மொத்த மரணம் 144, காய்ச்சல் மரணம் 59. ஊசியோ புது மருந்தோ அல்ல, மண்வெட்டி செய்த வேலை இது.

இதோடு கதை முடிந்திருந்தால் "நன்மை" என்று எழுதிவிடலாம். ஆனால் அப்போது ரப்பர் தோட்டங்கள் மலையடிவாரங்களுக்கும் பரவிக்கொண்டிருந்தன. அங்கும் காட்டை வெட்டி ஓடைகளைத் திருத்தினார்கள். மலேரியா குறையவில்லை, கூடியது. தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் பலர் அந்தக் காய்ச்சலில்தான் மாண்டார்கள்.

காரணம், அனோபிலிஸ் என்பது ஒரே கொசு அல்ல. சமவெளியில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். அதற்குக் காட்டு நிழலில் தேங்கிய நீர் வேண்டும். நிழல் போனால் அதுவும் போய்விடும். மலையில் இருந்தது அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குப் பிடிக்கும். மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழவைத்தவர்கள், அறியாமலே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு மலைத் தோட்டங்களில் ஓடைநீரைக் குழாய் வழியே நிலத்துக்கு அடியில் விட்டார்கள், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் கொசுப்புழுவை மூச்சுவிட முடியாமல் செய்யும். எந்தக் கொசு என்று தெரிந்த பிறகே எந்த வேலை என்று முடிவு செய்யும் முறை அப்படித்தான் வளர்ந்தது.

இன்று? 2018-இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா, காடு அழிக்கப்படும் ஓரங்களில் மனிதரைப் பிடிக்கிறது. நகரத்திலோ டிங்கி. சிலாங்கூர் அதில் பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்கிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் காடும் வேண்டாம், சதுப்பும் வேண்டாம். பழைய டயர், பிளாஸ்டிக் டப்பா, கட்டுமான இடத்துத் தொட்டி என நம் தொழிற்சாலைகளும் கட்டடங்களும் தரும் கொள்கலன்களே போதும். அதன் முட்டை நீரில்லாமலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும்.

வீட்டைச் சுற்றி எங்காவது புழு நெளிந்தால், கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். நீரின் மேல் படுத்தாற்போல் மிதந்தால் அனோபிலிஸ். வால்பக்கத்துக் குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் அது ஏடிஸாகவோ கியூலெக்ஸாகவோ இருக்கும். பார்த்துவிட்டீர்களா? இப்போது அந்த நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.