வயலுக்கு வராத மனிதரை விசாரியுங்கள்!

எப்போதும் முதல் ஆளாக மடை திறப்பவர் பத்து நாட்களாக வயல் பக்கம் வரவில்லை. களை மண்டிக் கிடக்கிறது. கறவை மாட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். 'ஏதோ சோம்பல்' என்று கடந்துவிடாதீர்கள். கடன், மகசூல் இழப்பு, நோய், குடும்பச் சிக்கல் என்று சுமைகள் ஒன்றுசேரும்போது சிலருக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது. அந்த மாற்றத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் மருத்துவர் அல்ல. பக்கத்து வயல்காரர், மருந்துக் கடைக்காரர், உதவி வேளாண் அலுவலர் ஆகிய நீங்கள்தான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* "நான் இல்லாட்டி இவங்களாவது நிம்மதியா இருப்பாங்க" என்பது போன்ற பேச்சு. விளையாட்டாகச் சொன்னாலும் அலட்சியம் வேண்டாம்.
* தூக்கமும் சாப்பாடும் குறைவது, குடி கூடுவது.
* போனை எடுக்காமல், திருவிழா, விசேஷம் எதற்கும் வராமல் ஒதுங்குவது.
* பட்டா, பாஸ்புக், நகையை எடுத்துக் கொடுத்து "இனி நீதான் பார்த்துக்கணும்" என்பது.
* வெகுநாள் கலங்கியிருந்தவர் காரணமின்றித் திடீரென்று அமைதியாகிவிடுவது.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வர வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்தால், அதுவும் பயிர் அழிந்த பிறகோ கடன் நெருக்கடியின்போதோ தெரிந்தால், தாமதிக்காதீர்கள். குழுக் கடன் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் பெண்களிடமும் இதே கவனம் தேவை.

எப்படிக் கேட்பது?

தனியாக உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "அண்ணே, கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்ல. உசுரை விட்டுடலாம்னு நினைப்பு ஏதும் வருதா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மனதில் அடைத்து வைத்ததைச் சொல்ல வழிதான் கிடைக்கும். பிறகு குறுக்கிடாமல் கேளுங்கள். "உனக்கு மட்டுமா கஷ்டம்?", "பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா?" என்ற பேச்சுகள் குற்ற உணர்வையே கூட்டும். 'ஆமாம்' என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று கேட்டாலும், நம்பிக்கையான ஒரு உறவினரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து எட்டாத இடத்தில் இருக்கட்டும்

தற்கொலை உந்துதல் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்ப வாய்ப்பு அதிகம். இலங்கை, 1995 முதல் நச்சு மிகுந்த மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் அங்கு தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. இதனால் நெல் மகசூல் குறையவில்லை. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் 'சினேகா' தொண்டு நிறுவனம், ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, மருந்தை வீட்டுக்கு வெளியே வைக்கும் முறையை நடத்திக் காட்டியது. உங்கள் ஊர்ச் சங்கமும் இதைச் செய்யலாம்.

ஒரு தெளிப்புக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைப் பரணில், மாட்டுக் கொட்டகையில் வைக்காமல் பூட்டி வையுங்கள். வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் மருந்து முழுவதையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். கடைக்காரர்களே, எந்தப் பயிர், என்ன பூச்சி என்று சொல்லத் தெரியாமல் மருந்து கேட்பவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். விற்பனையைத் தள்ளிப்போடுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். சாணக் கரைசல், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபிளுடன் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய அது உதவும். போலீஸ் கேஸ் வருமே என்று பயந்து தாமதிக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.

கூடவே போங்கள்

"டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவது போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். கடன்தான் பிரச்சினை என்றால் கூட்டுறவு வங்கிக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் உடன் செல்லுங்கள். பயிர் காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் பாரம் குறையும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக முக்கியம். அப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்.

உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம்), தமிழக அரசு சுகாதார உதவி எண் 104, சினேகா 044-24640050.