தர்மபுரியில வீட்டு விலை ஏறிடுச்சா? எதை வெச்சு சொல்றாங்க?

"இந்த ஏரியாவுல 49% ஏறிடுச்சு சார்"னு தர்மபுரி புரோக்கர் சொன்னா, உடனே அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. எந்தக் கணக்குன்னு கேளுங்க.

வழிகாட்டி மதிப்புன்னா, அது அரசு நிர்ணயிக்கிற தொகை. 2017 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க அதை 33% குறைச்சாங்க. 2023 ஏப்ரல்ல பழைய அளவுக்கே கொண்டு வந்தாங்க. 67 ரூபாய் 100 ஆனா, பேப்பர்ல 49% ஏற்றம்! மனை என்னவோ அதே மனைதான்.

தேசிய வீட்டுவசதி வங்கியோட ரெசிடெக்ஸ், வீட்டுக்கடனுக்காக வங்கிகள் எடுக்கிற மதிப்பீட்டை வெச்சு ஒரு குறியீடு போடுது. ரிசர்வ் வங்கி எடுத்துக்கிறது பத்திரப்பதிவு விலையை. பத்திரத்துல குறைச்சுக் காட்டுற பழக்கம் கூடினாலோ குறைஞ்சாலோ அந்தக் குறியீடும் ஆடும். ரெண்டுலயும் சென்னை இருக்கு, தர்மபுரி இல்லை.

அதனால பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் போட்டுப் பாருங்க. அதே வீடு முன்னாடி என்ன விலைக்குக் கைமாறுச்சுன்னு தெரியும். உதாரணத்துக்கு, 2015ல 20 லட்சம், 2025ல 40 லட்சம்னு வெச்சுக்கோங்க. 'டபுள்' மாதிரி தெரியும்; வருஷக் கணக்குல 7.2%தான். நடுவுல மாடி கட்டியிருந்தா, அந்தச் செலவையும் கழிச்சுட்டுப் பாருங்க.